குரோதி வருஷம் திரும்பி வந்தது, புயல் வரவில்லை: காலம் வட்டமா, இல்லையா?

அரிச்சல்முனையான் (இழையைத் தொடங்கியவர்)

போன குரோதி வருஷத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். கேள்வி கடைசியில் இருக்கிறது. பொறுமை இல்லாதவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 ராத்திரி. தமிழ் கணக்கில் குரோதி வருஷம், மார்கழி. என் அப்பா பிறந்ததும் அதே குரோதியின் ஆவணியில்தான். புயலன்று அவர் நாலு மாசக் கைக்குழந்தை. அப்பத்தா அவரை இடுப்பில் துணியால் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் ஏறி உட்கார்ந்துதான் பிழைத்திருக்கிறாள். அந்த ராத்திரியைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். ரொம்பக் கேட்டால், “ஆறு கோழி போச்சு” என்பாள். அதோடு சரி.

அறுபது வருஷச் சுற்று முடிந்து 2024 சித்திரையில் மறுபடி குரோதி பிறந்தது. ஆவணியில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்தோம். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு ஜோசியர் (பேர் வேண்டாம்) அப்பத்தா காதில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். “அதே வருஷம், அதே மார்கழி. கடலுக்குக் கணக்கு தெரியும் ஆத்தா.” பரிகாரத்துக்கு 6,000 ரூபாயும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் நவம்பர் 20-ம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது நினைவிருக்கும். அப்பத்தாவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. டிசம்பர் 22 ராத்திரி அவள் படுக்கவே இல்லை. மஞ்சப்பையில் ரேஷன் கார்டு, டார்ச், அப்பாவின் ஜாதகம், ஒரு படி அவல். திண்ணையில் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குப் பனி விழ ஆரம்பித்தது. ஐந்தரைக்குப் பால்காரர் வந்தார். அவ்வளவுதான்.

அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிக்க முடியவில்லை. கேள்வி இதுதான்: காலம் சுற்றுகிறது, எல்லாம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஊர் உலகமெல்லாம் சொல்லியிருக்கிறதே, எந்த அர்த்தத்தில் சொன்னார்கள்? அதே மாதிரி ஒன்று வருமா, இல்லை அதுவே வருமா?

பாம்பன் வலைக்காரன்

முதலில் அந்த 6,000 ரூபாயைத் திருப்பிக் கேள் தம்பி. “பரிகாரம் பண்ணினதால்தான் புயல் வரவில்லை” என்று சொல்வார். அதற்குத் தயாராகப் போ.

கணக்கு வாத்தியார்

அறுபது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும். குரு ஒரு சுற்று வர ஏறக்குறைய 12 வருஷம், சனிக்கு ஏறக்குறைய 30. இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 60. ஐந்து குரு சுற்று, இரண்டு சனி சுற்று. ஆறாம் வகுப்புக் கணக்கு.

ஆனால் “ஏறக்குறைய” என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. குருவுக்கு உண்மையில் 11.86 வருஷம், சனிக்கு 29.46. ஐந்து குரு சுற்று 59.3 வருஷத்தில் முடிந்துவிடும், இரண்டு சனி சுற்று 58.9-லேயே முடிந்துவிடும். அறுபதாம் பிறந்தநாளன்று இரண்டு பேருமே பழைய இடத்தைத் தாண்டிப் போயிருப்பார்கள், அதுவும் ஒரே தூரம் இல்லை.

நேற்று பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தேன். 1964 மார்கழியில் சனி கும்பத்தில், குரு மேஷத்தில். 2024 மார்கழியில் சனி கும்பத்தில், குரு ரிஷபத்தில். சனி அதே வீட்டில் கொஞ்சம் தள்ளி, குரு அடுத்த வீட்டுக்கே போய்விட்டார். ஜோசியர் தன் தொழிலின் சொந்தக் கணக்கையே பார்க்கவில்லை என்றுதான் சொல்வேன்.

பாம்பன் வலைக்காரன்

வாத்தியார் வானத்தைப் பார்க்கிறார், நான் தண்ணீரைப் பார்க்கிறேன். எங்களுக்குக் காலம் சுற்றுகிறது என்பது தத்துவம் இல்லை, தொழில். வாடை அடிக்கிற மாதங்களில் வடக்கே பெண்கடல் சீறும், தெற்கே ஆண்கடல் அடங்கிக் கிடக்கும். ஆனி ஆடியில் தெற்கிலிருந்து சோழகக் காற்று கிளம்பினால் தலைகீழ். ஆண்கடல் மேலே விழும், பெண்கடல் குளம் மாதிரி இருக்கும். (யார் ஆண், யார் பெண் என்று பேர் வைத்தவர் எந்த மாதத்தில் வந்து பார்த்தாரோ!) பாம்பன் பாலத்துக்கு அடியில் நீரோட்டமும் அப்படித்தான் திசை மாறும். வாடையில் வடக்கிலிருந்து தெற்கே, சோழகத்தில் தெற்கிலிருந்து வடக்கே. சித்திரை பிறந்தால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையேறும். எல்லாம் வருஷா வருஷம்.

ஆனால் தனுஷ்கோடி முனையில் மணல் இருக்கிறதே, அதை வைத்துச் சொல்கிறேன். காற்று மாற மாற மணல் இந்தப் பக்கம் சேரும், அந்தப் பக்கம் கரையும். மறு வருஷம் அதே காற்று வரும், அதே பக்கம் சேரும். ஆனால் போன வருஷம் அடையாளத்துக்கு நட்ட கம்பு தண்ணீருக்குள் இருக்கும். இதுவரைக்கும் ஒரு வருஷம் கூட அந்தக் கம்பு எனக்குப் பயன்பட்டதில்லை. இருந்தாலும் நடுவேன். வழக்கம்.

இன்னொன்று. புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தது 2025 ஏப்ரல் 6. அதுவும் குரோதி வருஷம்தான், பங்குனி. புயலில் பழைய பாலத்தை உடைத்த வருஷம் என்று குரோதியைத் திட்டுகிறவர்கள் பாலம் கொடுத்த வருஷம் என்று ஏன் சொல்வதில்லை?

சாயல்குடி சைவன்

அறுபது வருஷத்தில் எல்லாரும் மாட்டிக்கொண்டீர்கள். அது சின்னச் சக்கரம். பெரிய சக்கரத்தை எங்கே கேட்கலாம் தெரியுமா? எந்த நூலகத்துக்கும் போக வேண்டாம். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அமாவாசையன்று காலை ஐந்து மணிக்குப் போய் நில்லுங்கள். தர்ப்பணம் பண்ணிவைக்கிறவர் சங்கல்பம் சொல்வார். “த்விதீய பரார்த்தே, ஸ்வேத வராக கல்பே, வைவஸ்வத மன்வந்தரே, அஷ்டாவிம்சதிதமே கலியுகே, ப்ரதமே பாதே...” அப்படியே இறங்கி வந்து, வருஷத்தின் பேர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை என்று இன்றைக்கு வந்து நிற்பார். எதிரே ஈர வேட்டியோடு நிற்கிறவர் குளிரில் நடுங்கிக்கொண்டு “சீக்கிரம் முடியுங்க சாமி” என்று நினைப்பார். ஆனால் அவருடைய விலாசத்தைத்தான் அங்கே வாசித்தார்கள். இடத்தில் விலாசம் இல்லை, காலத்தில் விலாசம்.

கணக்கு இது. கிருத யுகம் 17,28,000 வருஷம், திரேதா 12,96,000, துவாபரம் 8,64,000, கலி 4,32,000. கூட்டினால் 43,20,000, ஒரு சதுர்யுகம். அப்படி ஆயிரம் சேர்ந்தால் பிரம்மாவுக்கு ஒரு பகல். அதுதான் கல்பம், 432 கோடி வருஷம். அதே அளவு ராத்திரி. அவருக்கு நூறு வயது. இப்போது அந்த நூறில் பாதி முடிந்து மறுபாதியின் முதல் நாள் நடக்கிறது. அதைத்தான் “த்விதீய பரார்த்தே” என்கிறார்கள். கலி பிறந்து 5,100 வருஷத்துக்குச் சொச்சம்தான் ஆகியிருக்கிறது. இன்னும் 4 லட்சத்து 26 ஆயிரத்துச் சொச்சம் பாக்கி. “கலி முத்திப் போச்சு” என்று டீக்கடையில் சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள்.

கணக்கு வாத்தியார்

இதில் ஒரு அழகை நீங்கள் விட்டுவிட்டீர்கள் ஐயா. ஒரு பகலில் 14 மன்வந்தரம், ஒவ்வொன்றும் 71 சதுர்யுகம். பெருக்கினால் 994 தான் வரும், ஆயிரம் வராது. மிச்சம் ஆறு எங்கே? முன்னும் பின்னும் நடுவிலுமாகப் பதினைந்து சந்திகள் வைத்தார்கள். ஒவ்வொரு சந்தியும் ஒரு கிருத யுக அளவு, அதாவது சதுர்யுகத்தில் 0.4 பங்கு. 15 × 0.4 = 6. கணக்கு சரியாகிவிட்டது. அந்தச் சந்திக் காலத்தில் என்ன நடக்கும் என்று பழைய வானியல் நூலான சூரிய சித்தாந்தம் சொல்கிறது? வெள்ளம். கணக்கில் மிச்சம் விழுந்த இடத்தையெல்லாம் தண்ணீரால் நிரப்பியிருக்கிறார்கள்!

வீரத்தமிழ் 432

இதைத்தான் நம் முன்னோர்கள் அன்றே சொன்னார்கள்!! கல்பம் 432 கோடி, விஞ்ஞானிகள் இப்போது கண்டுபிடித்த பூமியின் வயது 454 கோடி. எப்படித் தெரிந்தது? யோசியுங்கள்!! பகிருங்கள்!!

கணக்கு வாத்தியார்

யோசித்துவிட்டேன் தம்பி. நீங்கள் முழுப் பகலின் நீளத்தை எடுத்து, நடந்து முடிந்த வயதோடு ஒப்பிடுகிறீர்கள். சங்கல்பத்தின்படி இந்தப் பகலில் ஆறு மன்வந்தரம் முடிந்து ஏழாவதில் 27 சதுர்யுகம் போயிருக்கிறது. கூட்டினால் கழிந்தது 197 கோடி. அது பூமிக்கும் பொருந்தாது, 1,380 கோடி வயதான பிரபஞ்சத்துக்கும் பொருந்தாது. இன்னொரு சங்கதி: 4,32,000 என்ற எண் பாபிலோனிலும் இருக்கிறது. பெரோசஸ் என்ற பாபிலோன் பூசாரி, பிரளயத்துக்கு முன் ஆண்ட அரசர்களின் மொத்தக் காலம் 4,32,000 வருஷம் என்று எழுதிவைத்தார். அறுபது அறுபதாக எண்ணுகிறவர்களுக்கு அது வழவழவென்று வரும் எண். 60 × 60 × 60 × 2. போட்டுப் பாருங்கள். பெருமைப்பட நிறைய இருக்கிறது, இதை விட்டுவிடலாம்.

வீரத்தமிழ் 432

உங்களுக்கு எதைச் சொன்னாலும் வெளிநாட்டுக்காரன் சொன்னால்தான் இனிக்கும்.

நெறியாளர்

இருவரும் போதும். இழை காலத்தைப் பற்றியது.

கீழக்கரையான்

நெறியாளர் அனுமதித்தால் எங்கள் சக்கரத்தையும் உருட்டிவிடுகிறேன். எங்கள் வருஷம் பிறை வருஷம், 354 நாள். அதனால் நோன்பு வருஷா வருஷம் 11 நாள் முன்னால் நகரும். நான் முதன்முதலாக முழு நோன்பு பிடித்தது 1998-ல், டிசம்பர் கடைசியில் பிறந்த நோன்பு. மார்கழிப் பனி. விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் கீழக்கரைத் தெருக்களில் பல் கிட்டும். பகல் குட்டை, தாகமே தெரியாது. “இவ்வளவுதானா நோன்பு?” என்று வாப்பாவிடம் கேட்டேன். “சித்திரையில் வரும், அப்ப சொல்லு” என்றார். கத்திரி வெயிலில் வந்தது. சொன்னேன்.

ஏறக்குறைய 33 வருஷத்தில் அது எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வரும். 2030-ல் ஜனவரியில் ஒரு நோன்பு, டிசம்பரில் இன்னொரு நோன்பு பிறக்கும். மறுபடி அதே மார்கழிப் பனி. ஆனால் அதிலும் ஐந்தாறு நாள் பிசகும். அதை விடுங்கள், வாப்பா இல்லாத மார்கழி அது. ஆக, வாத்தியார் சொன்னதும் வலைக்காரர் அண்ணன் கம்பும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

உலகம் திரும்பத் திரும்பப் பிறக்கிறது என்பதை எங்கள் மார்க்கம் ஏற்காது. படைப்புக்கு ஒரு தொடக்கம், ஒரு முடிவு, பிறகு கேள்வி கணக்கு. ஆனால் மாதங்கள் சுற்றத்தான் செய்கின்றன. இரண்டும் ஒரே மனிதனுக்குள் சண்டையில்லாமல் இருக்கின்றன.

ஓலைக்குடா ஜோ

பாய் சொன்னதுதான் எங்களுக்கும். பழைய கிறிஸ்தவ ஞானி அகுஸ்தீன் இந்தச் சக்கரக் கதையோடு நேரடியாக மல்லுக்கு நின்றவர். சுற்றிச் சுற்றி வரும் என்றால் கிறிஸ்து மறுபடி மறுபடி சாக வேண்டும். அவர் ஒரே தடவைதான் மரித்தார், ஆக சக்கரம் பொய். அவ்வளவுதான் அவர் வாதம். அவருக்கு எதிரே நின்றவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. கிரேக்கத்து ஸ்தோயிக்குகள், உலகம் நெருப்பில் எரிந்து முடிந்து மறுபடி அப்படியே வரும், சாக்ரடீஸ் மறுபடி பிறப்பார், மறுபடி குற்றம் சாட்டப்படுவார் என்று சொன்னவர்கள்.

ஆனால் பாருங்கள், அந்த ஒரே தடவையை நாங்கள் வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கு நடத்துகிறோம். எங்கள் ஊர்ச் சிலுவைப் பாதையில் என் சித்தப்பா இருபது வருஷமாக ஒரே வசனத்தை ஒரே இடத்தில் மறக்கிறார். அது மட்டும் நித்திய சுழற்சி.

சாயல்குடி சைவன்

ஜோவும் பாயும் சொல்வதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கத்தைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுகிறது என்றால் செக்குமாடு மாதிரி என்று நினைத்துவிடுகிறார்கள். சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம் “அந்தம் ஆதி” என்கிறது. ஒடுக்குகிறவன் எவனோ அவனே மறுபடி தோற்றுவிக்கிறவன். ஏன் மறுபடி? உயிரைப் பற்றிய மலம், அதாவது அழுக்கு, இன்னும் தீரவில்லை, அதனால். சங்காரம் என்பது ஒழித்துக்கட்டுவது இல்லை. அலைந்து களைத்த உயிருக்கு இளைப்பாறுதல். தூங்கி எழுந்தவன் அதே ஆள்தான். ஆனால் நேற்றுச் செய்த வேலை இன்றைக்கு மிச்சம் இருக்காது. உலகம் திரும்பி வரும், உயிர் அதே இடத்தில் இருக்காது. ராட்டினம் இல்லை இது, கிணற்றுப் படி. சுற்றிச் சுற்றித்தான் இறங்குகிறோம், ஆனாலும் தண்ணீர் கிட்டே வருகிறது.

சமணர்கள் சொல்வது வேறு: ஏறும் காலம், இறங்கும் காலம், ஒவ்வொன்றிலும் ஆறு பிரிவு, யாரும் சுழற்றாமல் தானே சுழல்வது. எல்லாம் விதி என்ற பழைய துறவிகளான ஆசீவகர்களோ நூல்கண்டை எறிந்தால் நூல் தீரும் வரை உருள்வது போல, உயிருக்கு அளந்துவிட்ட பயணம் தீர்ந்தே ஆகும், நடுவில் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். ஜோசியருக்கு அவர்கள்தான் கிட்டத்து உறவு. ஆனால் அவர்களாவது பரிகாரம் விற்கவில்லை.

மண்டபம் கேம்ப்

இயற்பியல் படிப்பவன் என்ற முறையில் கொஞ்சம்.

1890-ல் பாயின்கரே என்ற பிரெஞ்சு கணித மேதை ஒன்றை நிறுவினார். மூடிய பெட்டிக்குள் துகள்கள், ஆற்றல் கூடாமல் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தால், போதுமான காலம் கொடுத்தால் தொடங்கிய நிலைக்கு “கிட்டத்தட்ட” திரும்பி வரும். 1896-ல் செர்மெலோ என்ற கணிதர் இதை வைத்து இயற்பியலாளர் போல்ட்ஸ்மனை மடக்கினார்: எல்லாம் திரும்புமென்றால், ஆறிய டீ சூடாகாது என்று எப்படிச் சொல்வாய்? போல்ட்ஸ்மன் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு சிட்டிகை காற்றுக்குக்கூட அந்தக் காத்திருப்புக் காலத்தை எழுத ஆரம்பித்தால் சைபர் போட்டு முடியாது. பிரம்மாவின் ஆயுள் 311 லட்சம் கோடி வருஷமாம். அந்தக் காத்திருப்பின் பக்கத்தில் இது கண்சிமிட்டும் நேரம் கூட இல்லை.

அது பெட்டிக்கு. பிரபஞ்சம் பெட்டி மாதிரி தெரியவில்லை. விரிகிறது, விரியும் வேகமும் கூடுகிறது என்று 1998-ல் தெரிந்தது. விரிந்து, நின்று, சுருங்கி மறுபடி வெடிக்கும் என்ற பழைய படத்துக்கு அது பின்னடைவு. இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் வேறு வழி சொல்கிறார்: எல்லாம் கரைந்து வெறும் ஒளியாகிப் போன கடைசிக் காலத்தில் பெரிது சிறிது என்ற அளவே அர்த்தமிழந்துவிடும், அந்த முடிவே அடுத்த வெடிப்பின் தொடக்கம். கேட்க “அந்தம் ஆதி” மாதிரியே இருக்கும். ஆனால் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீரத்தமிழ் தம்பி இந்தப் பத்தியைப் பகிர வேண்டாம்.

அப்புறம் “கடலுக்குக் கணக்கு தெரியும்” என்ற வாக்கியம். அது உண்மை. தனுஷ்கோடி தேவாலயச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். அது செங்கல் இல்லை, பவளக்கல். சின்னச் சின்ன நட்சத்திர ஓட்டைகள் விரலில் தட்டும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த ஒரு ஜீவனின் வீடு. அதை வெட்டிக் கரையில் கட்டினார்கள், அதன்மேல் மறுபடி கடல் ஏறி இறங்கியது. இன்னும் பெரிதாகப் பார்த்தால், 20,000 வருஷத்துக்கு முன் கடல்மட்டம் இப்போதைவிட 120 மீட்டர் கீழே. பாக் நீரிணை தரை. இலங்கைக்கு நடந்தே போகலாம். 1,25,000 வருஷத்துக்கு முன் இப்போதைவிடச் சில மீட்டர் மேலே. பனியுகம் வந்து போகும் இந்தச் சுற்று ஏறக்குறைய லட்சம் வருஷம். பூமியின் பாதை நீள்வது, அச்சு சாய்வது, அச்சு தலையாட்டுவது என்று மூன்று சக்கரங்கள் ஓட்டும் வண்டி அது. கடலின் கணக்கு 60 வருஷக் கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

பழைய பேப்பர்

மூன்று சக்கரம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். அதற்கு முன்னால் ஒரு மனிதர்.

1881 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தில் ஸில்ஸ் மரியா என்ற மலையூரில், ஏரிக்கரையில் ஒரு கூர்ப்பாறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேக்கு ஒரு எண்ணம் தட்டியது. மறு வருஷம் அதை ஒரு கேள்வியாக எழுதினார். நடுராத்திரி ஒரு பேய் வந்து, “இந்த வாழ்க்கையையே நீ மறுபடி வாழ வேண்டும், எண்ணற்ற தடவை, புதிதாக எதுவும் இருக்காது, இதே வலி, இதே சந்தோஷம், இதே வரிசை” என்று சொன்னால், தரையில் விழுந்து பல்லைக் கடிப்பாயா, இதைவிடத் தெய்வீகமானது கேட்டதில்லை என்பாயா? அரிச்சல்முனையான் கேட்ட “அதுவே வருமா” என்பது இதுதான். சைவர் ஐயா சொன்ன கிணற்றுப் படி இங்கே கிடையாது. ஒரு படிகூட இறங்க முடியாது.

இதை உடைக்க கியோர்க் ஸிம்மல் என்ற ஜெர்மானியர் 1907-ல் காட்டிய எளிய வித்தை இது. ஒரே அச்சில் மூன்று சக்கரம். விளிம்பில் ஆளுக்கொரு புள்ளி, தொடக்கத்தில் மூன்றும் ஒரே கோட்டில். இரண்டாவது சக்கரம் முதலாவதைப் போல் இரண்டு மடங்கு வேகம். மூன்றாவது, முதலாவதின் வேகத்தை π (பை) என்ற எண்ணால் வகுத்தால் வரும் வேகம். எத்தனை கோடி வருஷம் சுற்றினாலும் மூன்று புள்ளியும் மறுபடி ஒரே கோட்டில் வராது. மூன்று சக்கரத்துக்கே இப்படி. குரு, சனி, பிறை, காற்று, மணல், அப்பத்தா, ஆறு கோழி எல்லாம் அதே கோட்டில் வந்து நிற்குமா?

ஆனால் நீட்சே கேட்டது வருமா வராதா என்று இல்லை. வந்தால் தாங்குவாயா என்று. புத்தகம் படித்தவர்கள் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ராத்திரியை உண்மையாக வாழ்ந்தவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். அவரைக் கேட்டுப் பாருங்களேன்.

உச்சிப்புளிக்காரி

எல்லாரும் ஆம்பளைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கிழவியிடம் போய் அந்த ராத்திரி மறுபடி வந்தால் என்று கேட்பது நியாயமா?

சரி, ஒரு கதை. கந்தமாதன பர்வதம் ராமர் பாதத்துக்குப் படியேறும்போது எங்கள் தாத்தா சொல்வார். ராமனின் கடைசிக் காலம். அவன் மோதிரம் கழன்று தரையில் ஒரு துளைக்குள் விழுந்துவிட்டது. எடுத்து வா என்று அனுமனை அனுப்பினான். அனுமன் சிறுத்துச் சிறுத்துப் பாதாளத்துக்கே போய்விட்டான். அங்கே ராஜா ஒரு தாம்பாளத்தை நீட்டினான். அதில் ஆயிரக்கணக்கில் மோதிரம். “உன் ராமனுடையது எதுவோ எடுத்துக்கொள்.” அனுமனுக்குத் தெரியவில்லை. “இங்கே ஒரு மோதிரம் விழுந்தால் மேலே ஒரு ராமன் காலம் முடிந்தது என்று அர்த்தம்” என்றான் ராஜா. மேலே வந்து பார்த்தால் ராமன் இல்லை.

நான் சின்னப் பிள்ளையில் கேட்டது ஒன்றுதான். அப்ப அனுமனும் ஆயிரம் பேரா தாத்தா? இல்லை, ஒரே அனுமன்தான் ஆயிரம் தடவை ஏமாந்தானா? தாத்தா பேசாமல் படி ஏறினார்.

பாம்பன் வலைக்காரன்

அனுமனை விடு. ஆயிரம் தடவையும் பார்த்தது காக்கைதான். காக்கை உருவச் சித்தர் காகபுசுண்டர் பல பிரளயத்தைப் பார்த்தவர் என்று சொல்வார்கள். அக்னி தீர்த்தத்தில் பிண்டத்துக்கு வரும் காக்கையின் முகத்தைப் பாருங்கள். “இதுவும் பார்த்தாச்சு” என்கிற முகம்.

அரிச்சல்முனையான்

இரண்டு வாரம் வரவில்லை, மன்னிக்கவும். உச்சிப்புளிக்காரி அக்கா திட்டியதால் கேட்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அதுவாக வந்துவிட்டது.

அப்பத்தா பின்கட்டில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். கொட்டை ஒரு பக்கம், நார் ஒரு பக்கம். நான் உட்கார்ந்து கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே பேயின் கேள்வியைச் சொன்னேன். நீட்சே என்றெல்லாம் சொல்லவில்லை. “ஒருத்தன் வந்து, நீ பிறந்ததிலேர்ந்து நடந்ததெல்லாம் ஒண்ணு விடாம மறுபடி நடக்கும், கணக்கே இல்லாம நடக்கும்னு சொன்னா என்ன செய்வே?”

“அந்த ராத்திரியுமா?”

“அதுவும்தான்.”

கை நிற்கவில்லை. நாலைந்து புளியை ஆய்ந்து முடித்துவிட்டுக் கேட்டாள்: “மறுபடி நடக்கிறப்ப, இதுக்கு முன்னாடி ஒருக்கா நடந்துச்சுங்கிறது எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

தெரியாது என்றேன். எல்லாம் அப்படியே வரும் என்றால், அப்போது தெரியாமல் இருந்ததும் அப்படியே வரவேண்டும் இல்லையா.

“அப்ப எனக்கு ஒருக்காதானே? அவன் ஆயிரந்தரம்னு எண்ணிக்கிட்டா அவன் எண்ணிக்கட்டும்.”

பழைய பேப்பர் ஐயா, இதற்கு உங்கள் ஜெர்மானியர்களிடம் பதில் இருக்கிறதா? நான் அங்கேயே வாயடைத்துப் போனேன். எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் விடவில்லை.

“தெரிஞ்சிருக்கும்னா சொல்லு. சாயங்காலமே கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டிருப்பேன். மழைன்னு கவுத்து, மேல கல்லு வேற வச்சேன். நாமதான் ஏறிப் போனோம், அதுக திறக்கவா முடியும்?”

அறுபது வருஷமாக “ஆறு கோழி போச்சு” என்பதை நஷ்டக் கணக்கு என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

உச்சிப்புளிக்காரி

நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்பத்தாவுக்கு என் வணக்கம்.

பழைய பேப்பர்

பதில் இல்லை. ஒன்றும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத ஆயிரம் தடவையை ஆயிரம் என்று எண்ணுவது யார், எங்கே நின்று எண்ணுவது என்பது அந்தக் கொள்கைக்கு விழுந்த பழைய அடிதான். ஆனால் கல்லு வேற வச்சேன் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பாம்பன் வலைக்காரன்

தம்பி, தனுஷ்கோடியில் என் மச்சான் குடிசைப் பக்கம் கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. அப்பத்தாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வா. மணலைத் தோண்டினால் ஊற்றில் நல்ல தண்ணீர் வரும், கடல் இரண்டு பக்கமும் இருந்தாலும். அவளுக்குத் தெரியும். ஆறு குஞ்சு எடுத்து வைக்கச் சொல்கிறேன்.

அரிச்சல்முனையான்

சொன்னேன் அண்ணே. எல்லாம் பொட்டையாக இருந்தால் வருகிறாளாம். சேவல் கலந்திருந்தால் நீயே போய் வாங்கி வா என்கிறாள். பழைய பஞ்சாரம் பரணில் இருக்கிறதா என்று இப்போது என்னை ஏறிப் பார்க்கச் சொல்கிறாள்.